காவிரி நாட்டில் பீநசம்: தேசமும் காலமும் அறிந்த சிகிச்சை

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதும் தஞ்சைக் கிராமங்களில் தும்மலும் தொடங்கிவிடுகிறது. விடியற்காலையில் ஓயாத தும்மல், மூக்கிலிருந்து தெளிந்த நீர், கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு, இரவில் மூக்கடைப்பு. இவ்வளவு இருந்தும் காய்ச்சல் இல்லாமையால் இதனை ஒரு நோயாக எவரும் மதிப்பதில்லை. ஆனால் களத்தில் பதர் தூற்றும் கூலியாள் இரண்டு நாள் படுத்துவிட்டால் அவன் வீட்டு அடுப்பு எரிவது எங்ஙனம்? பங்குனியில் பரீட்சை எழுதவேண்டிய பிள்ளை இரவெல்லாம் விழித்திருந்தால் அவனது ஒரு வருஷ உழைப்பு என்னாவது? இந்நோயைப் பற்றி நமது ஆயுர்வேதம் கூறுவது யாது, அதில் காவிரி நாட்டார் கொள்ளத்தக்கது யாது என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

நோயின் காரணம்

இங்கிலாந்தில் ஜான் பாஸ்டாக் என்னும் வைத்தியர், வருஷந்தோறும் கோடையில் தம்மை வருத்திவந்த இந்நோயை 1819-ம் வருஷத்தில் விவரித்தார். புல்லின் மகரந்தமே இதற்குக் காரணம் என்பதைச் சார்லஸ் பிளாக்லி என்பவர் தம் உடம்பிலேயே சோதனை செய்து 1873-ல் நிலைநாட்டினார். 1906-ல் வியன்னா நகரத்து வைத்தியர் பிர்க்கே 'அலர்ஜி' என்னும் பெயரைப் படைத்தார். தீங்கற்ற துகளொன்றைப் பகையென்று மயங்கி உடம்பு தானே போர் தொடுப்பதுதான் இந்த ஒவ்வாமை. நெல்லும் புல்லினத்தைச் சேர்ந்ததே. அதன் மகரந்தம், நனைந்த வைக்கோலில் படரும் பூஞ்சையின் நுண்துகள், அறுவடை யந்திரம் கிளப்பும் தூசி ஆகியவை நம் நாட்டில் இந்நோயைத் தூண்டுகின்றன.

சரக ஸம்ஹிதை இதனையும் சாதாரண நீர்க்கோவையையும் சேர்த்துப் 'பிரதிச்யாயம்' என்கிறது. அதற்குக் காரணங்களாகத் தூசி, புகை, பனி, பருவத்தின் மாறுபாடு ஆகியவற்றை அந்நூல் எண்ணிச் சொல்கிறது. பூதக்கண்ணாடி இல்லாத காலத்தில் கண்ணால் கண்டே இவ்வளவு அறிந்தனர் நம் முன்னோர். அதே வரிசையில் அளவுக்கு மிஞ்சிப் பேசுதலையும் சரகம் சேர்த்திருப்பதை, மேடையேறும் நமது ஊழியர்கள் கவனிப்பார்களாக!

தேசமும் காலமும்

ஆயுர்வேதத்தின் உண்மையான பெருமை இன்ன தைலம், இன்ன சூரணம் என்பதில் இல்லை. நோயாளி வாழும் தேசத்தையும் காலத்தையும் அறிந்தே சிகிச்சை செய்யவேண்டும் என்னும் விதியில்தான் இருக்கிறது. நீர்வளம் மிக்க நிலத்தை அந்நூல்கள் அனூப தேசம் என்கின்றன. அங்கே கபம் மிகும் என்பது அவற்றின் கொள்கை. காவிரியும் அதன் கிளைகளும் பாயும் வயல்நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டுமோ?

ஒரு திருஷ்டாந்தம் கூறுவோம். அணு தைலத்தைப் பிராவிருட், சரத், வசந்தம் ஆகிய மூன்று காலங்களிலும், வானத்தில் மேகம் இல்லாதபோது, மூக்கில் இட்டுக்கொள்ள வேண்டும் என்பது சரகத்தின் விதி. சரத் ருது என்பது நமது பஞ்சாங்கப்படி ஐப்பசியும் கார்த்திகையும் ஆகும். வடநாட்டில் அப்பொழுது மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். தஞ்சையிலோ வடகிழக்குப் பருவ மழை கொட்டும் காலம் அதுவே. மாதத்தின் பெயரைப் பற்றிக்கொண்டு மேகத்தை மறப்பவன் நூலைப் பின்பற்றியவன் ஆகான். நூலின் கருத்தை நம் நாட்டு வானத்தோடு பொருத்திப் பார்ப்பவனே வைத்தியன்.

செய்யத்தக்கவை

முதலாவது, காரணத்தை விலக்குதல். களத்தில் வேலை செய்வோர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். வைக்கோற்போரைப் படுக்கையறைக்கு அருகில் போடலாகாது. மஞ்சளைச் சுட்டுப் புகை இழுத்தலும், குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை பிடித்தலும் வழக்கமாயினும், புகையை நோய்க்குக் காரணமாக எண்ணும் சாஸ்திரத்தை உடையோர் இவற்றைக் கைவிடுதலே தகும்.

இரண்டாவது, உணவு. இரவில் தயிர் கூடாதென்பது சரகத்தின் விதி. மிளகு ரசம், தூதுவளை ரசம், சுக்குக் கஷாயம் ஆகியவை தொண்டைக்கு இதம் தரும். நொச்சியிலையிட்டு வேது பிடித்தல் சிறிது நேரம் அடைப்பை நீக்கும். குழந்தைகளைக் கொதிநீரின் அருகே விடலாகாது. இவை ஆறுதல் தருவனவேயன்றி நோயை வேரறுப்பன அல்ல என்பதை மறைப்பது நேர்மையாகாது.

மூன்றாவது, மூக்கைக் கழுவுதல். உப்பு நீரால் கழுவுதல் குணம் தரக்கூடும் என்றும், எனினும் அதற்குரிய சான்று இன்னும் வலுவானதல்ல என்றும் 2018-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. ஆனால் குளத்து நீரும் வாய்க்கால் நீரும் இதற்கு ஆகவே ஆகா. நேக்லேரியா என்னும் அமீபா மூக்கு வழியாக மூளையை அடைந்து உயிரைப் போக்கும். 2011-ல் அமெரிக்காவின் லூயிசியானாவில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இதனால் மாண்டனர். கொதிக்க வைத்து ஆறிய நீரையே கையாள வேண்டும்.

நான்காவது, நசியம். ஏழு வயதுக்குக் குறைந்தோருக்கும், எண்பது கடந்தோருக்கும், புதிதாக நீர்க்கோவை கண்டோருக்கும், உணவு உண்ட உடனேயும் நசியம் கூடாதென்று அஷ்டாங்க ஹ்ருதயம் தடுக்கிறது. எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் கேடு விளையும் என்று இக்கால வைத்தியமும் எச்சரிக்கிறது. ஆதலால் கற்றறிந்த வைத்தியர் கையாலன்றித் தானே இதைச் செய்துகொள்ளுதல் அபாயம். இளைப்பு உள்ளவர் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தவே கூடாது. மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்குச் செல்வதில் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது.

நமது கடமை

பழைய நூலில் உள்ளதெல்லாம் சரியென்பாரும், நாட்டு வைத்தியமெல்லாம் குப்பையென்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. 1925-ல் கல்கத்தாவில் ஓர் ஆயுர்வேத வித்யாலயத்திற்கு அஸ்திவாரக் கல் நாட்டியபோதே, வைத்தியர்களிடம் ஆராய்ச்சி மனப்பான்மை இல்லாமையைக் காந்தியடிகள் கடிந்துரைத்தார்.

தஞ்சைக்கு இதில் வேறு வழிகாட்டி வேண்டியதில்லை. 1798 முதல் 1832 வரை அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மஹாலை நிறுவி, நாட்டு வைத்தியத்தையும் மேனாட்டு வைத்தியத்தையும் ஒருங்கே வளர்த்தார். அங்கே கையாண்ட மருந்துகள் எழுதி வைக்கப்பட்டன. 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்னும் பெயரால் அவற்றைச் சரஸ்வதி மஹால் நூல்நிலையம் அச்சிட்டிருக்கிறது. கண்ணோயாளிகளின் நிலையைச் சித்திரத்தோடு குறித்த ஏடுகளும் அந்நூல்நிலையத்தில் உள்ளன. மருந்து கொடுப்பதோடு நில்லாமல், கொடுத்ததையும் கண்டதையும் குறித்து வைத்ததே அம்மன்னர் நமக்கு விட்டுச் சென்ற செல்வம்.

அச்செல்வத்தை நாம் காத்தோமா? ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ள சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை பேருக்குப் பீநசம் கண்டது, எம்மருந்தால் எவ்வளவு குணம் என்பதைத் தவறாது குறித்து, ஜில்லா முழுமைக்கும் தொகுத்து வெளியிடுமாறு கேட்பது ஊழியர்களின் கடமை. தேர்தல் காலத்தில் வீடுவீடாகச் செல்லும் கால்கள் அறுவடைக் காலத்தில் களந்தோறும் செல்லட்டும். நமது வைத்தியம் சிறந்தது என்று மேடையில் முழங்குவதால் ஒருவன் தும்மலும் நில்லாது. அது சிறந்தது எனின், களத்தில் நிற்கும் கூலியாளின் மூச்சு அதற்குச் சாட்சி சொல்லட்டும்.