குடிநீர் பாட்டிலில் விஷம் வேண்டாம்

மண்ணெண்ணெய், பினாயில், கழிவறை ஆசிட் ஆகியவற்றைப் பழைய தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்கு எழுத்து தெரியாது; பாட்டிலின் உருவம் மட்டுமே தெரியும். நோன்பு திறக்கும் அவசரத்தில் பெரியவர்களும் கை மாறி எடுத்துவிடக் கூடும்.

இரவில் பாத்திரங்களை மூடி வைக்கவும், விளக்குகளை அணைக்கவும் நபி (ஸல்) அவர்கள் ஏவியதாக புகாரியில் காண்கிறோம். ஆபத்து வருமுன் தடுப்பது தவக்குலுக்கு எதிரானதல்ல, அதுவும் மார்க்கம்தான். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நாம் கவனக்குறைவாக இருந்துவிட்டு "எல்லாம் விதி" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வேறு சில பொருட்களையும் நாம் சாதாரணமாக நினைக்கிறோம். பெருநாள் துணிகளுக்கு இடையில் போடும் அந்துருண்டை குழந்தைக்கு மிட்டாய் போலத் தெரியும். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். கற்பூரமும் நீலகிரித் தைலமும் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரலாம். தலைக்குப் பூசும் சாயத்தைக் குடித்தால் தொண்டை வீங்கும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கழிவறை கழுவினால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

குழந்தை எதையாவது குடித்துவிட்டால் விரலை விட்டோ, உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் மேலே வரும்போது நுரையீரலுக்குள் புகுந்துவிடும். ஆசிட் தொண்டையை இரண்டாம் முறையும் சுடும். வாயைத் துடைத்துவிட்டு, குடித்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108. டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. கண்ணிலோ தோலிலோ பட்டால், ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும்.

ஓதி ஊதுவதற்காக முதலில் பள்ளிவாசலுக்குத் தூக்கிச் செல்வோரும் உண்டு. போகும் வழியிலேயே ஓதலாம், துஆவும் கேட்கலாம். சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது. மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்களும் நபி (ஸல்) அவர்கள்தாம்.

இன்றே அடுப்படியையும் குளியலறையையும் ஒருமுறை பார்ப்போம். இப்பொருட்களை அவை வந்த பாட்டிலிலேயே வைத்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைப்போம். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.