ஈ ஓட்டும் கடையா? ஈ இல்லாத கடையா?

வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, "கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்" என்று கேலியாகச் சொல்வது நம் வழக்கம். ஆனால் வியாபாரம் நன்றாக நடக்கும் கடைகளிலும் ஈ ஓட்டுவது பெரும்பாடாக இருக்கிறதே, என்ன செய்வது?

திருவண்ணாமலைக்கு இது சற்றுக் கூடுதலாகவே பொருந்தும். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான பக்தர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்து சுற்றுகிறார்கள். கார்த்திகை தீபத் திருவிழாவின் 10 நாட்களிலும் கூட்டத்திற்குக் கேட்க வேண்டியதில்லை, மாட்டுச்சந்தையும் கூடுகிறது. கூட்டம் நமக்கு வியாபாரம் தருகிறது. அது கலைந்த பிறகு இளநீர் மட்டை, கரும்புச் சக்கை, எச்சில் இலை, சாணம் எல்லாம் மிஞ்சுகின்றன. அவற்றைத் தேடி ஈ வருகிறது.

சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை, நமக்குத் தெரிந்த ஒரு பொரிகடலைக் கடையில் பேசிக்கொண்டிருந்தோம். வெளியூர் அம்மா ஒருவர் கைக்குழந்தையுடன் வந்தார். பொரியும் கடலை உருண்டையும் கேட்டார். நிறுத்துப் பொட்டலமும் கட்டியாகிவிட்டது. அப்போதுதான் உருண்டைத் தட்டில் ஈ மொய்ப்பதைக் கவனித்தார். "பொரி மட்டும் போதுங்க. உருண்டை வேணாம், புள்ளைக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரர் முகம் வாடிவிட்டது. "சரக்கு கெட்டா வேற சரக்கு வாங்கலாம் ஐயா. பேரு கெட்டா எந்த மண்டியில போய் வாங்கறது?" என்றார். அந்தக் கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஈ செய்யும் வேலை

அந்த அம்மா பயந்ததில் நியாயம் உண்டு. ஈயால் எதையும் கடித்துத் தின்ன முடியாது. திரவமாகத்தான் உறிஞ்ச முடியும். ஆகவே வெல்லத்திலோ இனிப்பிலோ உட்கார்ந்ததும் எச்சிலையும், முன்பு உண்டதையும் அதன்மேல் கக்கி, கரைத்து உறிஞ்சுகிறது. முன்பு உட்கார்ந்தது சாக்கடையானால், அந்தக் கிருமிகள் நம் சரக்கிற்கு வந்துவிடும். வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைபாய்டு, காலரா ஆகியவை பரவ ஈயும் ஒரு காரணம்.

பொறி வைத்தால் பலன் உண்டா? 1988, 1989 கோடைகளில் இஸ்ரேல் ராணுவ முகாம்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரையும் பொறியும் வைத்த முகாம்களில் ஈக்கள் 64 சதவீதம் குறைந்தன. ஷிகெல்லா கிருமியால் வரும் சீதபேதியும் பெருமளவு குறைந்தது. 1991-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

பாட்டில் பொறி

கிரிவலப் பாதையில் எறியப்படும் தண்ணீர் பாட்டில் ஒன்று போதும். செலவு இல்லை.

1. பாட்டிலின் மேல்பகுதியை, கழுத்துக்குக் கீழே சரிவு முடியும் இடத்தில் வட்டமாக வெட்டுங்கள். மூடியை எடுத்துவிட்டு, வெட்டிய பகுதியைப் புனல்போலத் தலைகீழாக உள்ளே செருகி, விளிம்பை ஒட்டுங்கள்.

2. உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர், எலுமிச்சை அளவு வெல்லம், நன்கு கனிந்த வாழைப்பழம் பாதி, கொஞ்சம் கெட்டுப்போன பால் சேருங்கள். ஒன்றிரண்டு நாளில் புளித்து வாடை வரும். அந்த வாடைதான் ஈயை இழுக்கும். கறி, மீன் கடைக்காரர்கள் மீன் கழுவிய நீரையே ஊற்றலாம்.

3. ஒரு கரண்டி வினிகர் சேர்த்தால் தேனீக்கள் அவ்வளவாக வராது. தேனீ நமக்கு எதிரி அல்ல. அதைக் கொல்லக் கூடாது.

4. சில சொட்டு சோப்பு நீர் விடுங்கள். சோப்பு கலந்த நீரில் ஈயால் நிற்க முடியாது, மூழ்கிவிடும்.

வாடையைத் தேடிப் புனல் வழியே உள்ளே இறங்கும் ஈ, வெளியேற நினைக்கும்போது வெளிச்சம் வரும் பக்கமாகவே பறந்து சுவரில் மோதும். நடுவிலுள்ள சிறு துவாரம் அதற்குத் தெரிவதில்லை. 1970-களில் ஜிம்பாப்வேயில் உருவாக்கிய காற்றோட்டக் கழிப்பிடத்திலும் இதே தந்திரம்தான். குழாய் உச்சியில் தெரியும் வெளிச்சத்தை நோக்கி மேலேறும் ஈ, அங்குள்ள கம்பி வலையில் சிக்கிக்கொள்ளும்.

பொறியைக் கல்லாவின் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்! ஊரிலுள்ள ஈயை எல்லாம் கடைக்குள் அழைத்ததாகிவிடும். கடையின் பின்புறம், குப்பைத்தொட்டிக்கு அருகில், முழங்கால் உயரத்தில், வெயில் படும் இடத்தில் வையுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மண்ணில் கொட்டிப் புதைத்துவிட்டு, புது இரை ஊற்றுங்கள். அப்படியே விட்டால் பொறிக்குள்ளேயே புழு வைத்துவிடும்.

பிசின் கயிறு

கடைக்குள் வாடை கூடாது என்பவர்களுக்கு இது ஏற்றது. இரண்டு பங்கு ரோசின் பிசினும் ஒரு பங்கு விளக்கெண்ணெயும் சேர்த்துச் சிறு தீயில் பாகு பதம் வரும்வரை கிளறுங்கள். சீக்கிரம் தீப்பற்றும் பொருள் என்பதால் கடைக்குள் காய்ச்ச வேண்டாம். சூடாக இருக்கும்போதே கயிற்றில் தடவுங்கள். இரவில் ஈக்கள் தொங்கும் கயிறு, மின்கம்பி, கூரை ஓரங்களில்தான் தங்கும். ஆகவே கயிற்றைக் கூரையிலிருந்து தொங்கவிட்டால் காலையில் ஒட்டிக் கிடக்கும். திறந்த தின்பண்டத்திற்கு நேர் மேலே மட்டும் கட்டாதீர்கள்.

செய்யக் கூடாதவை

பூச்சிமருந்தைச் சர்க்கரையில் கலந்து வைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்! உணவுச் சரக்கும் குழந்தைகளும் இருக்கும் இடத்தில் விஷம் விளையாட்டுப் பொருள் அல்ல. மருந்துக்கு ஈ பழகிப்போகும் என்பதும் உண்மை. 1940-களில் டி.டி.டி. வந்தபோது ஈக்கே முடிவு வந்துவிட்டது என்றார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே அதற்கு அடங்காத ஈக்கள் வந்துவிட்டன. பூச்சியைப் பொசுக்கும் மின்விளக்கையும் பலகாரத்தின் மேல் மாட்டக் கூடாது. ஈயின் துணுக்குகள் சிதறிக் கீழே விழும்.

பொறி பாதி, குப்பை பாதி

நம் பொரிகடலைக் கடைக்காரர் நான்கு பாட்டில் பொறி வைத்தார். முதல் சில நாள் ஈ குறைந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பழையபடி! என்ன காரணம் என்று இருவரும் தேடிப்போனோம். வரிசைக் கடைகளின் பின்னால் அழுகிய பழமும் சாணமும் ஒரு குவியல். கிளறினால் வெள்ளைப் புழுக்கள்.

கணக்கு இதுதான். ஒரு தாய் ஈ ஒரு தடவைக்கு 100-க்கு மேல் முட்டையிடும். ஆயுளில் ஐந்தாறு தடவை இடும். நம் ஊர் வெயிலில் முட்டை ஈயாக 7 முதல் 10 நாள் போதும். பொறியில் நூறு ஈ விழுந்தாலும் குப்பையில் ஆயிரம் பிறந்தால் வரவு எது, செலவு எது? அதே சமயம், குப்பையை வாரத்திற்கு இருமுறை அள்ளிவிட்டால் எந்தப் புழுவும் ஈயாக முடியாது.

ஆரம்பத்தில் பழக்கடைக்காரர் மாட்டுக்காரரைச் சொன்னார். அவர் டீக்கடையைச் சொன்னார். ஈக்கு அந்தக் கடை, இந்தக் கடை என்ற பேதம் உண்டா? கடைசியில் எல்லோரும் பங்கு போட்டு ஒரு ஆள் வைத்து, திங்கள், வியாழன் இரண்டு நாளும் அள்ளச் செய்தார்கள். பொறிகளும் அப்படியே இருந்தன. அதன் பிறகுதான் ஈ மட்டுப்பட்டது. உருண்டைத் தட்டிற்கும் கண்ணாடி மூடி வந்தது.

சட்டமும் நினைவில் இருக்கட்டும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரித்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அபராதத்தை விடப் பெரிய நஷ்டம், எடுத்த பொட்டலத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போகும் வாடிக்கையாளர்தான்.

ஆகவே வணிக நண்பர்களே, ஒவ்வொரு வீதியிலும் பத்துக் கடைகள் சேர்ந்து, அடுத்த பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்பே குப்பையை அள்ளுங்கள், பொறிகளை வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை நிமிடத்தில் எத்தனை ஈ உட்காருகிறது என்று எண்ணிப் பேரேட்டின் ஓரத்தில் குறித்து வாருங்கள். கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது கடினமா என்ன? அண்ணாமலையாரைத் தேடி வருகிறவர்கள் நம்மை நம்பித்தான் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அந்த நம்பிக்கை நமக்கு முதல் போன்றது. அதைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.