உலையில் யாருக்கு அரிசி? அஸ்வெசும எப்படி இயங்குகிறது?

திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றில் உலை வைக்கிற அம்மா முதலில் தலைகளை எண்ணுவார். இன்றைக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று தெரிந்த பிறகே சுண்டால் அரிசி அளப்பார். அரசு உதவிகள் பலவும் இப்படித்தான் அளக்கப்படுகின்றன. ஒரே உலையில் உண்பவர்கள் ஒரு குடும்பம். அந்த உலையின் நிலையைப் பார்த்துத்தான் உதவி. அப்படியானால் சிறையிலிருந்து திரும்பியவருக்கு அதில் பங்கு உண்டா?

அமெரிக்காவில் 1996இல் வந்த சட்டம் இல்லை என்றது. போதைப்பொருள் தொடர்பான பாரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்கு உணவு உதவியும் காசு உதவியும் வாழ்நாள் முழுக்கக் கிடையாது. மாநிலங்கள் விரும்பினால் விலகிக்கொள்ளலாம். பெரும்பாலானவை தளர்த்தியும் விட்டன. ஆனால் தடை உள்ள இடத்தில் உணவு உதவியைக் கணக்கிடும் முறையைக் கவனியுங்கள். அவரைத் தலைக்கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். அவர் உழைத்துக் கொண்டுவரும் பணத்தை மட்டும் குடும்ப வருமானத்தில் முழுதாகச் சேர்ப்பார்கள். அவர் கொண்டுவந்த அரிசி பானைக்குள் இருக்கிறது, அவருடைய கோப்பை எண்ணப்படவில்லை. நாலு பேருக்கு அளந்த சோற்றை ஐந்து பேர் பகிர வேண்டும். எந்தத் தாய் ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு மற்றப் பிள்ளைக்குப் பரிமாறுவாள்? அண்ணனுக்குக் கிடைத்த தண்டனையில் தங்கச்சியின் சோறும் குறைகிறது. இது அநியாயம்.

நம் இலங்கையில் அந்தத் தடை இல்லை. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின்கீழ் 2023 ஜூலையில் அஸ்வெசும என்ற நலன்புரி உதவித் திட்டம் தொடங்கியது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகள். கூரை எதனால் ஆனது, மின்சாரம் எவ்வளவு செலவாகிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். குற்றத்தீர்ப்பைப் பற்றி ஒரு குறிகாட்டியும் இல்லை. 2025 ஜனவரி முதல் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா வரையும் வறிய குடும்பத்துக்கு 10,000 வரையும் கிடைக்கிறது.

சிக்கல் எண்ணுகிற நாளில் இருக்கிறது. கணக்கெடுத்தபோது சிறையில் இருந்தவர் பிறகு வீட்டுக்கு வருகிறார்; பதிவோ பழைய தலைக்கணக்கோடே நிற்கிறது. தண்டப்பணம் கட்ட வழியில்லாமலே உள்ளே போனவர்கள் நம் சிறைகளில் ஏராளம். உதவி அதிகம் தேவைப்படுவதும் அவர்கள் வீட்டுக்குத்தான். இன்னொரு சிக்கல்: பணம் போவது விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்கு. அவரே சிறைக்குப் போய்விட்டால் மனைவி அதை எடுப்பது எப்படி? புதிதாக விண்ணப்பிக்க அடையாள அட்டை வேண்டும். 2006இல் சண்டைக்குள் ஊரே இடம்பெயர்ந்த ஈச்சிலம்பற்றில், பத்திரங்கள் இல்லாமல் அலைவது என்னவென்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விடுதலையாகும் நாளிலேயே சிறை நலன்புரி உத்தியோகத்தர் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினால் இந்த அலைச்சலில் பாதி குறையும். அந்த ஏற்பாடு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு ஒருவர் திரும்பியிருந்தால், கிராம உத்தியோகத்தரிடம் போய், அஸ்வெசும பதிவில் அவர் பெயரைச் சேர்ப்பது எப்படி என்று கேளுங்கள். நம் வெருகல் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு செய்ய வழி உண்டா என்று விசாரியுங்கள். சிறைக்குப் போனவர் என்று யாராவது முகம் சுளித்தால், அது எந்தக் குறிகாட்டியில் இருக்கிறது என்று கேளுங்கள்.