பட்டுப்புழுவின் சுவாசமும் பட்டு நூலின் விளைவும்

காஞ்சீபுரம் பட்டுச் சேலையின் பெருமையை அறியாதார் இலர். 2005-06ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. எனினும் அச்சேலைக்குரிய நூல் காஞ்சியில் விளைவதன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், ஈரோடு முதலிய ஜில்லாக்களிலும் கர்நாடகத்திலும் மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்க்கும் குடியானவர்களின் மனைகளிலேயே அது உற்பத்தியாகின்றது. புழுக்கள் கூடு கட்டும் தறுவாயில் மடியுமாயின், ஏறத்தாழ இருபத்தைந்து நாட்கள் போட்ட இலையும் கூலியும் ஒருங்கே வீணாகும். இந்நஷ்டத்தில் ஒரு பகுதி, புழு எவ்வாறு சுவாசிக்கின்றது என்பதை அறியாமையால் நேர்வதாகும்.

புழு மூச்சு விடும் விதம்

பட்டுப்புழுவுக்கு மூக்கும் இல்லை, நுரையீரலும் இல்லை. அதன் உடலின் இரு மருங்கிலும் பக்கத்திற்கு ஒன்பதாகச் சிறு கரும்புள்ளிகள் காணப்படும். இவையே சுவாசத் துவாரங்கள். இவற்றினின்று புறப்படும் நுண்ணிய குழாய்கள் மரக்கிளைகளைப்போல் மேன்மேலும் பிரிந்து உடலெங்கும் பரவுகின்றன. நம் உடலில் பிராணவாயுவைச் சுமந்து செல்வது இரத்தம். புழுவிலோ காற்றே குழாய்வழியாக உள்ளுறுப்புகளுக்கு நேராகச் செல்கின்றது. இத்தாலிய அறிஞர் மல்பீகி 1669ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் பட்டுப்புழுவின் இவ்வமைப்பை விவரித்தார். துவாரங்களில் எண்ணெய் தடவினால் புழு மடிவதையும் அவர் கண்டறிந்தார்.

உயிரணுக்களின் அடுப்பு

எல்லா ஜீவராசிகளின் உடலும் உயிரணுக்களால் ஆனது. செடிகள், விலங்குகள் ஆகியவற்றின் பெரும்பாலான உயிரணுக்களினுள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரை பிராணவாயுவின் உதவியால் படிப்படியாகச் சிதைந்து கரியமில வாயுவும் நீருமாகின்றது; அப்பொழுது வெளிப்படும் சக்தியே வளர்ச்சிக்கும் அசைவுக்கும் பயன்படுகின்றது. அடுப்பில் விறகு எரிவதும் இதையொத்ததே. ஆயின் உயிரணுவில் சுவாலையில்லை, சக்தியும் சிறிது சிறிதாக வெளிப்படுகின்றது. காற்று குறைந்தால் அடுப்பு மங்குவதுபோல், பிராணவாயு குறைந்தால் புழுவின் வளர்ச்சியும் குன்றும். முட்டையிலிருந்து வெளிவந்த புழு முதிர்வதற்குள் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு எடை கூடுகின்றது என்பதை நினைத்தால், அதற்குக் காற்றின் தேவை எத்தகையது என்பது புலனாகும்.

பறித்த இலையும் இவ்வாறே சுவாசிக்கின்றது. செடியினின்று பிரிந்தபின்னும் அதன் உயிரணுக்கள் சேமித்துள்ள சர்க்கரையைச் செலவிட்டு உஷ்ணத்தை உண்டாக்கும். இலைக் குவியலினுள் கையை விட்டால் சூடு தெரிவது இதனாலேயே. ஆகவே இலையைக் காலைக் குளிர்ச்சியில் பறித்து, அழுத்திக் கட்டாமல் தளர்வாகப் பரப்பி, ஈரச் சாக்கினால் மூடி வைத்தல் வேண்டும்.

நூல் பிறக்குமிடம்

புழுவின் உடலில் இரண்டு பட்டுச் சுரப்பிகள் உள. ஒவ்வொன்றிலும் உள்ள உயிரணுக்கள் ஏறத்தாழ ஆயிரமே. புழு முட்டையினுள் கருவாய் இருக்கும்பொழுதே இத்தொகை முடிவாகி விடுகின்றது. பின்னர் அவை பிரிந்து பெருகுவதில்லை, பருமனில் மட்டும் பெருக்கின்றன. முதிர்ந்த புழுவின் எடையில் நாலிலொரு பங்குக்கும் மேல் சுரப்பிகளே ஆவதுண்டு. பிற்பகுதி அணுக்கள் நூலாகும் ஃபைப்ராயினையும், நடுப்பகுதி அணுக்கள் அதன்மேற் பூசப்படும் செரிசின் என்னும் பசையையும் சுரக்கின்றன. சாயமேற்றுமுன் நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் கொதிக்க வைத்து நீக்குவது இப்பசையையே. உயிரணுக்களின் தொகை கூடாதாகையால், அவற்றைப் பருக்கச் செய்வதொன்றே நூலை மிகுவிக்கும் வழி. புழு தன் மொத்தத் தீனியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உட்கொள்ளும் ஐந்தாம் பருவத்தில் இலையோ காற்றோ குறைந்தால், கூடு சிறுத்து நூலின் நீளமும் குறையும்.

உயிரணுவைக் கொள்ளையிடும் நோய்

பெப்ரின் நோய்க்குக் காரணமான நுண்கிருமி உயிரணுவினுள்ளேயே குடிகொள்வது. சுயமாகச் சுவாசித்துச் சக்தி பெறும் மைட்டோகாண்ட்ரியா அதற்கு இல்லாமையால், புழுவின் அணு ஈட்டிய சக்தியையே அபகரித்துப் பெருகுகின்றது. தாய் வழியாக முட்டைக்கும் இது பரவும். பிரான்சு தேசத்துப் பாஸ்டர் 1865 முதல் சில ஆண்டுகள் இந்நோயை ஆராய்ந்து, முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியைப் பூதக்கண்ணாடிக் கருவியால் பரிசோதித்து, நோயுள்ளதாயின் அதன் முட்டைகளை அழிக்கும் முறையை வகுத்தார். இன்றும் வித்தகங்களில் கையாளப்படுவது அம்முறையே. பரிசோதிக்கப்படாத முட்டை விலை குறைவாயினும் வாங்கலாகாது.

கவனிக்க வேண்டுவன

வளர்ப்பு மனையில் எதிரெதிராகச் சாளரங்கள் இருத்தல் நலம். இளம் புழுக்களுக்கு 27 டிகிரி சென்டிகிரேடு அளவு உஷ்ணமும் மிகுந்த ஈரப்பதமும் ஏற்றவை; முதிர்ந்த புழுக்களுக்கு 24, 25 டிகிரியும் தாராளமான காற்றோட்டமும் வேண்டும். குளிர்காலத்தில் மனையை அடைத்துக் கரியடுப்பு மூட்டுவது அபாயகரமானது. அதன் புகை நச்சு வாயுவோடு கூடியது. எச்சத்தையும் மீந்த இலையையும் உரிய காலத்தில் அகற்றாவிடில் படுக்கை புளித்து அம்மோனியா வாயு எழும். புழுக்களை நெருக்கமாக விடலாகாது. பூச்சிமருந்து தெளித்த வயலின் காற்றும் புகையிலையும் புழுவுக்கு நஞ்சாகும். கூடு கட்டச் சந்திரிகையில் விட்டபின் புழுக்கள் மிகுந்த ஈரத்தை வெளிவிடுமாதலால், அந்நாட்களில் சாளரங்களை மூடாதிருத்தல் வேண்டும்.

கூட்டினுள் உள்ள கூட்டுப்புழுவும் உயிருள்ளதே. கூட்டின் நுண்துளைகள் வழியாக அது சுவாசித்துக்கொண்டிருக்கின்றது. ஆதலின் கூடுகளைத் திணித்துக் கட்டி வெயிலில் கொண்டு சென்றால் உட்புறம் வெந்து, கூட்டுப்புழு நசிந்து, கூடு கறைப்பட்டு விலை இறங்கும். தளர்ந்த பைகளில் இட்டு, இரவிலோ விடியற்காலையிலோ சந்தை சேர்ப்பதே தக்கது.