உங்களுக்குத் தெரியுமா? 33 வயதில் மேஜர், 62 வயதில் சின்னப் பையன்

● நம் சட்டப்படி 18 முடிந்தால் மேஜர். டோல்கீன் படைத்த ஹாபிட்டுகளுக்கு அது 33. இருபதுகளில் திரிகிறவர்களைப் பொறுப்பு வராத விடலைகள் என்றே அந்த ஊர் நினைக்கிறது. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ தொடக்கத்தில் வரும் பெரிய பிறந்தநாள் விருந்து பில்போவின் 111 வயதுக்காக மட்டும் நடப்பதல்ல. அதே தேதியில் பிறந்த ஃப்ரோடோ 33ஐத் தொட்டு மேஜராகும் விழாவும் அதுதான். இரண்டு வயதையும் கூட்டினால் 144. தனிப்பந்தலில் சாப்பிட அழைக்கப்பட்டவர்களும் 144 பேர்.

● அதே நாவலில், கோண்டோர் நாட்டுப் பத்து வயதுச் சிறுவன் பெர்கில், ஹாபிட் பிப்பினைத் தன்னைவிடக் குட்டையான பையன் என்று எண்ணி வம்புக்கு வருகிறான். பிப்பினுக்கு அப்போது 29 ஆகப்போகிறது. வயதைக் கேட்டதும் பெர்கிலின் கணக்கில் அவன் பெரிய ஆள். சொந்த ஊர்க் கணக்கில் இன்னும் மைனர். அந்த மைனர்தான் கோண்டோரின் ஆட்சிப் பொறுப்பாளரிடம் வாளை நீட்டிச் சேவகம் ஏற்றிருக்கிறான். சில நாள்களில் மோர்டோரின் கரும் வாயில் முன்னே ஒரு ட்ரோலையும் கொல்லப்போகிறான். இந்த வயதைக் கவனிக்காமல் வாசித்தால் பிப்பினின் துணிச்சலில் பாதி நமக்குத் தெரியாமலே போய்விடும்.

● ‘தி ஹாபிட்’ கதையில் புதையலை மீட்கப் புறப்பட்ட 13 குள்ளர்களில் குளோயினும் ஒருவர். அவர் மகன் கிம்லிக்கு அப்போது 62 வயது. சின்னப் பையன் என்று அவனை விட்டுவிட்டுப் போனார்கள்! அதற்கும் முந்தைய அசானுல்பிசார் போரில், ஓர்க்குகளின் தலைவன் அசோகை வெட்டி வீழ்த்திய டாயினுக்கு 32 வயதுதான். குள்ளர்கள் அதை மாபெரும் சாதனையாகப் பேசியதற்கு அந்த வயதும் ஒரு காரணம். 30 வயதுவரை கடும் உழைப்புக்கும் போருக்கும் உடல் தாங்காது என்பது அவர்கள் கருத்து. 40இல் உடல் இறுகிவிடும். அதன் பிறகு சுமார் 240 வரை வேலையிலும் சண்டையிலும் தளர்ச்சியே இல்லை. முதுமை வந்தால் பத்து ஆண்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த டாயினே 252 வயதில், எரெபோர் வாசலில், கோடரியோடு போரிட்டபடிதான் விழுந்தார்.

கற்பனை இனத்துக்கு ‘250 ஆண்டு ஆயுள்’ என்று எழுதிவிடுவது எளிது. கூடுதலாகக் கொடுத்த ஆண்டுகள் குழந்தைப் பருவத்தில் சேர்கின்றனவா, நடுவயதிலா, கிழப்பருவத்திலா? அதைத் தீர்மானித்த பிறகுதான் ஓர் இனத்துக்கு உயிர் வருகிறது. டோல்கீன் குள்ளர்களுக்கு நடுவயதை நீட்டினார்.

● எல்ஃபுகளுக்கு அவர் செய்தது வேறு. அவர் மறைவுக்குப் பிறகு 1993இல் வெளியான ‘மோர்காத்ஸ் ரிங்’ தொகுதியில் அதைப் பற்றி விரிவான கட்டுரை இருக்கிறது. எல்ஃப் குழந்தை ஒரு வயதுக்குள் பேசிவிடும். அறிவு மனிதக் குழந்தையைவிட வேகமாக வளரும். உடல் மட்டும் மெதுவாக. அதே நாளில் பிறந்த மனிதப் பிள்ளை முழு உயரம் எட்டி நிற்கும்போது எல்ஃப் பிள்ளையின் உடல் ஏழு வயதுக்குமேல் மதிக்க முடியாமல் இருக்கும். 50ஆம் வயதில்தான் நிலையான உருவம் வரும். சிலருக்கு நூறுகூட ஆகலாம். கருவில் ஓராண்டு இருப்பதால், அவர்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்வது பிறந்த நாளை அல்ல, கருவான நாளை!

● அப்படியும் அவர் மனம் ஆறவில்லை. எல்ஃபுகளின் முதல் தலைமுறை கண்விழித்த நாளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நெடும்பயணம் புறப்பட்ட நாள்வரை மக்கள்தொகை எப்படிப் பெருகியிருக்கும் என்று பட்டியல் பட்டியலாகக் கணக்குப் போட்டார். 144 சூரிய ஆண்டுகள் போனால்தான் எல்ஃபின் உடல் ஒரு வயது முதிரும் என்பது அவர் வைத்துப் பார்த்த விகிதம். போட்டார், அடித்தார், மீண்டும் போட்டார். 2021இல் வந்த ‘த நேச்சர் ஆஃப் மிடில் எர்த்’ நூலில் அந்தக் கணக்குகளைப் பார்க்கலாம். கதையில் ஒரு வரிகூட இதற்காக அவர் மாற்றத் தேவையில்லை, ஆனாலும் விடவில்லை. அந்த அக்கறைமேல் எனக்குப் பெரும் மரியாதை.

● ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையின் மனிதன் அரகார்னும் அவன் காதலிக்கும் எல்ஃப் பெண் ஆர்வெனும் முதலில் சந்தித்தபோது அவனுக்கு 20 வயது. அவளுக்கு 2,710.

● இனி எதிர்த்திசை. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட ‘கலிவரின் பயணங்கள்’ நூலில் லக்நாக் தீவில் ஸ்ட்ரல்ட்ப்ரக்குகள் வருகிறார்கள். இடது புருவத்துக்கு மேலே சிவப்பு வட்டப் புள்ளியோடு எப்போதாவது ஒரு குழந்தை பிறக்கும். அதற்குச் சாவே கிடையாது. 12 வயதில் புள்ளி பச்சையாகும், 25இல் கருநீலம், பிறகு நிலக்கரிக் கறுப்பு. விஷயம் கேட்ட கலிவர் துள்ளிக் குதிக்கிறான். எத்தனை அறிவு சேர்க்கலாம், எத்தனை தலைமுறைக்கு வழிகாட்டலாம்! ஆனால் ஸ்விஃப்ட் அவர்களுக்குச் சாவாமையைத்தான் கொடுத்தார், இளமையைக் கொடுக்கவில்லை. 80இல் சட்டப்படி இறந்தவர்கள்: சொத்து வாரிசுக்குப் போய்விடும், திருமணமும் ரத்து. 90இல் பல்லும் முடியும் உதிரும். வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோவதால் புத்தகம் வாசிக்க முடியாது. இருநூறு ஆண்டில் நாட்டின் பேச்சே மாறிவிடுவதால், பிறந்த மண்ணில் அந்நியர்களாக அலைகிறார்கள். நீட்டிய ஆண்டுகள் அத்தனையும் கிழப்பருவத்தில் கொட்டப்பட்ட இனம் இது. எனக்குத் தெரிந்த கற்பனை இனங்களில் மிகக் கொடிய விதி இவர்களுடையதுதான்.

● ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் 2003 விதிப்புத்தகத்தில் மனிதன் 15 வயதில் பெரியவன்; எல்ஃப் 110இல். அப்படியானால் 109 வயது எல்ஃப் குழந்தையா, நூறாண்டாக அது என்னதான் கற்றது என்ற கேள்வி தானாக எழும். 2014 பதிப்பு இதை அழகாகத் தீர்த்தது. எல்ஃபின் உடல் மனிதரைப் போலவே ஏறத்தாழ அதே வயதில் முதிர்ந்துவிடுகிறது. ஆனால் உலக அனுபவம் போதும் என்று தோன்றி, நூறு வயதையொட்டித் தனக்குப் புதுப் பெயர் சூட்டிக்கொள்ளும்போதுதான் சமூகத்தில் பெரியவர். உடலின் வயது வேறு, ஊர் ஏற்கும் வயது வேறு. சரியான திருத்தம்.

● அதே விளையாட்டில் டிராகன்பார்ன் குழந்தை முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்தில் நடக்கும். மூன்று வயதில் பத்து வயதுப் பிள்ளையின் வளர்ச்சி. பறவை இனமான ஆராகோக்ரா மூன்று வயதில் பெரியவர், முப்பதைத் தாண்டுவதில்லை.

● அந்த விளையாட்டின் பழைய பதிப்புகளில், வேகம் கூட்டும் மந்திரம் ஒருவர்மேல் விழும் ஒவ்வொரு முறையும் அவர் வயதில் ஓராண்டு ஏறிவிடும். எல்ஃபுக்கு அது ஒரு பொருட்டில்லை. மனிதனோ யோசித்துத்தான் தலையாட்ட வேண்டும்.

● நூறாண்டுக் குழந்தைப் பருவம் நம்ப முடியாததா? வட அட்லாண்டிக் கடலின் கிரீன்லாந்து சுறாவைப் பாருங்கள். கண் வில்லையிலுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்து 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி அது குறைந்தது 272 ஆண்டு வாழ்கிறது. பெண் சுறா இனப்பெருக்கத்துக்குத் தயாராவது சுமார் 150 வயதில்.

● ‘ஸ்டார் வார்ஸ்’ யோடா 900 வயதில் இறக்கிறார். அதே இனத்துக் க்ரோகு 50 வயதிலும் தொட்டிலில் கிடக்கிறது. 900ஐ நம் 80 ஆண்டாகச் சுருக்கினால் 50 என்பது நாலரை வயதுக்குச் சமம். அந்த வயதில் நம் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசும். க்ரோகுவுக்கோ பேச்சே வரவில்லை. ஆக, ஆயுளை விகிதத்தால் பெருக்கினால் மட்டும் போதாது.

● ஆன் ரைஸின் ‘இன்டர்வியூ வித் த வாம்பயர்’ நாவலில் கிளாடியா ஐந்து வயதில் ரத்தக் காட்டேரியாக்கப்படுகிறாள். மனம் முழுப் பெண்ணாக முதிர்கிறது. உடல் அந்த ஐந்திலேயே நின்றுவிடுகிறது.

● ஃபிலிப் புல்மன் படைத்த உலகில் மனிதரின் ஆன்மா ஒரு விலங்கு வடிவில் கூடவே வாழும். சிறுபிள்ளைகளின் விலங்கு பூனை, பறவை, அந்துப்பூச்சி என்று நினைத்தபடி உருமாறும். வளர்ந்ததும் ஒரே வடிவில் நிலைத்துவிடும். முதிர்ச்சிக்கு இதைவிடத் துல்லியமான அடையாளத்தை நான் எங்கும் வாசித்ததில்லை.

● ஹாரி பாட்டரில் வரும் மாண்ட்ரேக் செடிகளுக்கு முகப்பரு வரும், மனநிலை மாறும், கூடிக் கும்மாளமும் போடும். ஒன்று இன்னொன்றின் தொட்டிக்குக் குடிபோக முயன்றால் முழு வளர்ச்சி அடைந்துவிட்டது என்று பொருள்.

● 2020இல் தொடங்கிய ஜப்பானியப் படக்கதை ‘ஃப்ரீரன்’. ஆயிரம் வயது தாண்டிய எல்ஃப் பெண், மனிதத் தோழன் ஹிம்மலோடும் மற்றவர்களோடும் பத்தாண்டுப் பயணம் முடித்துப் பிரிகிறாள். அவளுக்குப் பத்தாண்டு ஒரு கண்ணிமைப்பு. ஐம்பது ஆண்டு கழித்துத் திரும்பினால் ஹிம்மல் கிழவர்; சீக்கிரமே இறந்தும் போகிறார். இவரைத் தெரிந்துகொள்ள ஏன் முயலவே இல்லை என்று அவள் அழுவது அந்த இறுதிச்சடங்கில்தான். மனிதர்களைப் புரிந்துகொள்ள அதன் பிறகே கிளம்புகிறாள். தொடரின் முதல் அத்தியாயமே இதுதான்.