கணினிப் பெட்டியை எங்கே வைப்பது?

பிள்ளைகளின் படிப்புக்கென்று பணம் சேர்த்துக் கணினி வாங்கும் பெற்றோர், மேசை நாற்காலியைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெட்டியை மட்டும் மேசைக்கடியில் தரையோடு தள்ளிவிடுகிறார்கள். இது சரியன்று.

அந்தப் பெட்டியும் மூச்சு விடுகிறது. முன்புறமாகக் காற்றை இழுத்து, உள்ளேயுள்ள சூட்டைப் பின்புறமாக வெளியேற்றுகிறது. தரையில் இருந்தால் தூசி, தலைமுடி, பூனை ரோமம் எல்லாம் காற்றோடு உள்ளே போகும். சூட்டைத் தணிக்கும் தகடுகளில் அவை படிந்துவிட்டால் சூடு இறங்காது. சூடு மிஞ்சினால் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் அணைந்துவிடும். பிள்ளை பாதி எழுதிய பாடம் போயிற்று! கதவு போட்ட அலமாரி இன்னும் மோசம். விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும்.

சாமி மேடைக்குப் பக்கத்தில் வைப்பவர்களும் உண்டு. சாம்பிராணிப் புகையும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் தூசியைப் பசைபோல் ஒட்டவைத்துவிடும். நகர்த்தினால் சாமி கோபித்துக்கொள்ளாது.

மேசைமேல் இடமிருந்தால் ஓரமாக அங்கேயே வைக்கலாம். இல்லையேல் பக்கத்தில் ஆடாத சிறு ஸ்டூல் போதும். சுவருக்கும் பெட்டியின் முதுகுக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சன்னலோரம் வேண்டாம், சாரல் அடிக்கும்.

வெள்ளம் ஏறும் தாமான்களில் ஸ்டூலை நம்பவேண்டாம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வந்ததுபோன்ற வெள்ளத்தில் மேசையும் காக்காது. ஆகவே பாடங்களுக்கும் குடும்பப் படங்களுக்கும் இன்னொரு படி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

பிளக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வானம் கறுக்கும்போதே அதைக் கழற்றிவிட வேண்டும். இணையக் கம்பி வழியாகவும் மின்னல் பாயுமாதலால், அதையும் சேர்த்துக் கழற்றுங்கள்.