எலும்பே பற்றிக்கொள்ளும் இடுப்பு மூட்டு

இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையில், கெட்டுப்போன பந்தும் கிண்ணமும் நீக்கப்பட்டுச் செயற்கை மூட்டு பொருத்தப்படுகிறது. அதை எலும்பில் நிலைநிறுத்த வழி இரண்டு. 1960-களில் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி பரவலாக்கியது அக்ரிலிக் சிமென்ட். பெயருக்குச் சிமென்ட்தான், அது ஒட்டுவதில்லை, இடைவெளியை நிரப்பி இறுகுகிறது. மற்றது, சிமென்டே இல்லாத முறை.

இதன் முதல் பாதி காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களில் லேத் பிடிப்பவர்களுக்குப் பழகிய வேலை. பேரிங்கின் துளையைவிட ஷாஃப்டை இம்மியளவு பருமனாகக் கடைந்து அழுத்தி ஏற்றினால், அது அசையாமல் நிற்கும். பிரஸ் ஃபிட் என்பது அதுவே. அறுவை அரங்கிலும் இடுப்பெலும்பின் குழி, வைக்கப்போகும் கிண்ணத்தைவிட 1 முதல் 2 மில்லிமீட்டர் சிறிதாகக் குடையப்படுகிறது. பிறகு கிண்ணம் தட்டி இறக்கப்படுகிறது. தொடை எலும்பின் உட்குழல், செயற்கைப் பந்தைத் தாங்கும் தண்டின் வடிவத்துக்கே அரத்தால் ராவப்படுகிறது. தண்டு சரியாக இறுகும்போது சுத்தியலின் ஓசை மாறும். அனுபவமுள்ள மருத்துவர் அதைக் காதால் அறிவார். அதற்கு மேலும் அடித்தால் எலும்பு விரிசல் விடலாம்.

பேரிங் வேலை அதோடு முடிந்துவிடும். எலும்போ அதன் பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. பெரும்பாலும் டைட்டானியத்தாலான கிண்ணத்தின் வெளிப்புறத்திலும் தண்டின் மேற்பகுதியிலும் சுமார் 100 முதல் 400 மைக்ரான் அகலமுள்ள நுண்துளைகள் உண்டு. அவற்றுக்குள் புது எலும்பு வளர்ந்து கோத்துக்கொள்கிறது. டைட்டானியத்தை எலும்பு இப்படி ஏற்றுக்கொள்வதை 1950-களில் ஸ்வீடனின் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் கண்டார். எலும்பிலுள்ள தாதுவை ஒத்த ஹைட்ராக்ஸிஅபடைட்டை மேலே பூசினால் பிடிப்பு விரைவில் அமைகிறது.

ஆனால் அசைவு கூடாது. சுமார் 50 மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு வளரும். 150-ஐத் தாண்டினால் அங்கே நார்த்திசுதான் நிரம்பும், மூட்டு ஆடிப்போகும். முதல் சில வாரங்கள் நோயாளி காலில் எவ்வளவு பாரம் தரலாம் என்று மருத்துவர் சொல்வதன் காரணம் இதுவே. இன்னொரு குறையும் உண்டு. டைட்டானியம் எலும்பைவிடப் பலமடங்கு விறைப்பானது. பாரத்தைத் தண்டு சுமந்துவிட்டால், வேலையற்ற எலும்பு மெலிகிறது.

மேலைநாடுகளில் இச்சிகிச்சை பெரும்பாலும் முதியவர்களின் மூட்டுத் தேய்மானத்துக்கானது. இந்தியாவிலோ, இரத்த ஓட்டம் தடைபட்டுப் பந்துமுனை செத்துப்போன இளைஞர்களும் நடுவயதினரும் கணிசமாக வருகிறார்கள். பல பத்தாண்டுகள் நடந்து உழைக்க வேண்டிய அவர்களுக்குச் சிமென்ட் இல்லாத மூட்டே ஏற்றது. எலும்பு மெலிந்த முதியவருக்குத் தண்டைச் சிமென்டோடு வைப்பதே பாதுகாப்பு. கிண்ணத்தை மட்டும் சிமென்ட் இல்லாமல் பொருத்தும் கலப்பு முறையும் வழக்கத்தில் உள்ளது.